கதவுதட்டி நடத்திய தையல் வகுப்பு

கதவுதட்டி என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் மாடிப்படியில். நானும் எதிர்வீட்டுக்காரியும் படியில் உட்கார்ந்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். கீழே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி மடித்ததையும் மடிக்காததையும் ஒன்றாக வாரிக்கொண்டு எழுந்தாள்.

"கதவுதட்டி வர்றாக்கா. உள்ள போய்ச் சாத்திக்குங்க. ரேடியோவ அணைச்சிடுங்க, ஆள் இருக்குன்னு தெரிஞ்சா நகர மாட்டா."

"யாருடி அவ? எதுக்கு வர்றா?"

"படிக்க வாங்கன்னு கூப்பிடறாளாம். நம்மளத்தான்! பல்லு ஆடற வயசுல ஸ்லேட்டத் தூக்கிட்டுப் போகணுமாம்."

நாலு பேர் சாத்தினால் நாமும் சாத்துவதுதானே. நானும் சாத்திக்கொண்டேன். எங்கள் கதவில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்தால், வெளியே ஒரு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது என் நாத்தனார்.

"திறங்க அண்ணி. மூக்கடைப்போட நீங்க மூச்சு விடறது இங்க வரைக்கும் கேட்குது. ஒளியறதுக்கு முன்னாடி மூக்கச் சிந்திட்டு ஒளியணும்."

திறந்தேன். வேறென்ன செய்வது.

கூடப்பிறந்த நாத்தனார் இல்லை. என் சின்ன மாமியாருக்கு இரண்டு பெண்கள். இவள் இளையவள், என் வீட்டுக்காரருக்குத் தங்கை முறை. இவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே சின்ன மாமியார் போய்விட்டார். பெரியவளுக்கு அப்போது பதினொன்று. பெரியவள்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பிறகு பெரியவள் வேலைக்குப் போனாள், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று இளையவளும் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒருத்திக்காக ஒருத்தி படிப்பை விட்டார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது.

பெரியவள் ஒரு துப்புரவுக் கம்பெனியில் இருந்தாள். ஏழு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் கழிவறைகள் கழுவும் வேலை. பதினாறு வருஷம். தரைக்கு எந்த மருந்து, பீங்கானுக்கு எந்த மருந்து என்று கேனின் நிறத்தையும் மூடியையும் வைத்துத் தெரிந்துவைத்திருந்தாள். ஒரு நாள் கம்பெனி வேறு கடையில் மருந்து வாங்கியது. கேனெல்லாம் ஒரே வெள்ளை. கறை போகவில்லையே என்று இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றியிருக்கிறாள். ஜன்னல் இல்லாத கழிவறை. கதவு வேறு சாத்தியிருந்தது. வாளியிலிருந்து கிளம்பிய நச்சுப்புகை வெளியே போக வழியில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெஞ்சு வெந்துபோய்விட்டது என்றார்கள். நானும் நாலு நாள் போய் உட்கார்ந்திருந்தேன். யாரோ அந்தக் கேனையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். நர்ஸ் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயே எழுதியிருக்கேம்மா, வேற மருந்தோட கலக்கக் கூடாதுன்னு. பார்க்கலையா?" என்றாள்.

"எங்க எழுதியிருக்கு?" என்று இளையவள் கேட்டாள்.

நர்ஸ் விரலை வைத்துக் காட்டினாள். இளையவள் அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நர்ஸிடம் அதைச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பெரியவள் கண்ணை மூடிய பிறகு அந்தக் கேனைக் கழுவி இளையவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் உண்டு. அடுத்த தெருவில் ஆபீஸ். பெரிய பெரிய ஊர்களிலிருந்து அதற்கு உத்தரவு வரும். அதன் பொறுப்பாளரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி போட்டிருப்பார். இளையவள் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, மூன்று மாதம் அவர் காதில் ஓதி, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஒரு வகுப்பு வாங்கிவிட்டாள். வாரம் இரண்டு நாள், மதியம். எங்கள் கட்டிடத்தின் கீழ் அறை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா சும்மா வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு பேராவது சேர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்குத்தான் வீடு வீடாகத் தட்டினாள். கதவுதட்டி என்ற பெயரும் வாங்கினாள்.

ஒரு மாதம் தட்டினாள். ஒருத்தியும் வரவில்லை. தெரியாதவர்கள் இல்லாமல் இல்லை. தெரியாது என்று சொல்லத்தான் யாரும் இல்லை. கண்ணாடி எடுத்துட்டு வரல, கை ஈரமா இருக்கு நீயே படி, எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு என்று எங்களிடம் ஆயிரம் வித்தை உண்டு. எதிர்வீட்டுக்காரி பத்தாவது பாஸ் என்று சொல்லித்தான் அவள் அப்பா டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். டிரைவர் அதை இன்னும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மருமகள் மருந்துக்கடையில் வேலை. வந்த முதல் வாரம் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினாள். எனக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்றேன். அன்றிலிருந்து பூ விழுந்த கண்ணாகவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

நான் கதவைத் திறந்துவிட்ட அன்று உள்ளே வந்து உட்கார்ந்தவள், நான் கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணி, தைக்கப் போறேன்னு சொன்னா வீட்டுல விடுவாங்களா?"

"தைக்கப் போறவள யாரு என்ன சொல்லப்போறா? போறப்ப என் பேன்டையும் எடுத்துட்டுப் போம்பாங்க."

விளையாட்டாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். மறுநாள் முதல் தட்டுகிற கதவிலெல்லாம் தையல் வகுப்பு என்று சத்தமாகச் சொன்னாள். மாமியார்கள் உள்ளே போன பிறகு, உண்மையை மெதுவாகச் சொன்னாள். இரண்டு வாரத்தில் பத்தொன்பது பேர். அதில் நான் ஒருத்தி. கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்ன எதிர்வீட்டுக்காரியும் ஒருத்தி.

ஆளுக்கு ஒரு துணிப்பை. உள்ளே ஒரு முழம் துணி, நூல்கண்டு, ஊசி. அடியில் நோட்டு. சங்கத்துப் பதிவேட்டில் அது எழுத்து வகுப்பு. குடியிருப்பில் அது தையல் வகுப்பு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதவரை ஒரு வம்பும் இல்லை.

எங்களில் கிழிசலை மூடுவதற்கு மேல் தைக்கத் தெரிந்தவள் எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான். அவள் ஆறு தலையணை உறை தைத்தாள். அந்த ஆறும் பத்தொன்பது வீட்டுக்கும் மாறி மாறிப் போய், நான் தைச்சேன், நான் தைச்சேன் என்று காட்டப்பட்டுத் திரும்பி வந்தன. "ரெண்டு வருஷமா தலையணை உறையேதான் தைக்கிறா. யானை படுத்துக்கப் போகுதா?" என்று எதிர்வீட்டுக்காரியின் மாமியார் கேட்டதைச் சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம்.

முதலில் எழுதக் கற்றது அவரவர் பெயரை. வந்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும். என் பெயர் வரியை விட்டு இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போய்விடும். ஆனாலும் அது நான் எழுதியது. முதலில் படிக்கக் கற்றது அந்தக் கேனை. இளையவள் அதை மேசையில் வைப்பாள். ஒவ்வொருத்தியாகப் போய் விரல் வைத்து, கலக்கக் கூடாது, கலக்கக் கூடாது என்று படிப்போம். இளையவள் மட்டும் அதை வாய்விட்டுப் படிக்க மாட்டாள். உதடு மட்டும் அசையும்.

ஒன்றரை வருஷத்தில் டீச்சரம்மா மகன் வீட்டோடு போய்விட்டார். எங்களில் முந்தியிருந்த இளையவளே அதற்கப்புறம் சொல்லித்தந்தாள். புதுப் பதிவேடு போட்டாள். ஆறு மாதம் அப்படி ஓடியது.

அப்போதுதான் சங்கத்துக்கு மேலேயிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் ஒரு குடியிருப்புக்கு ஒரே ஒரு திட்டம். எது என்று ஆபீஸ் முடிவு செய்யாது. மக்களைக் கேட்க வேண்டும். எது முதல் தேவை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, அதிக வீடு எதைச் சொல்கிறதோ அதைத்தான் நடத்த வேண்டும். தாளில் ஆறு இருந்தது: பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர், தையல், பெரியவர்களுக்கு எழுத்து, உடம்புப் பரிசோதனை, முதலுதவி, விளையாட்டு. கேட்கப் போகும் வேலை யாருக்கு? கதவு தட்டத் தெரிந்தவளுக்குத்தான்.

இளையவள் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். பத்தொன்பது வீடு கையில் இருக்கிறது, இன்னும் பத்து வீட்டைப் பேசிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்திருந்தது.

"என்னடி?"

"எதிர்வீட்டுல கேட்டேன் அண்ணி. மாமியார் முந்திக்கிட்டு, 'தையல்தான் எழுது, என் மருமக போறாளே, நல்ல வகுப்பு'ங்கறாங்க. டிரைவரும் தலையாட்டறாரு. இவ பின்னாடி நின்னுக்கிட்டு என்னப் பார்த்துக் கண்ணடிக்கிறா. நம்ம வகுப்பக் கேட்கறாளாம்! எனக்குப் புரியுமாம்!"

"சரி, புரிஞ்சத எழுதிட்டுப் போயேன்."

"எப்படி எழுதறது? வாயில வந்ததத்தான் எழுதணும், ஒரு எழுத்துக் கூட்டக் கூடாதுன்னு சங்கத்து ஐயா சொல்லிட்டாரு. வீட்டுப் பெரியவங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறாங்க. டிரைவருக்குப் படிக்கத் தெரியுமே."

"மத்தவங்க?"

"எல்லாரும் கண்ணடிக்கிறாங்க அண்ணி. இன்னைக்கு எட்டு வீடு. எட்டும் தையல்."

அதற்குள் என் மகனும் மருமகளும் வேலை முடிந்து வந்துவிட்டார்கள். இளையவள் தாளை எடுத்து முறைப்படி கேட்டாள். மருமகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அத்தை சொல்லட்டும். அவங்கதானே வகுப்புக்குப் போறாங்க" என்றாள்.

இளையவள் என்னைப் பார்த்தாள். எழுத்து என்று நான் சொல்லியிருக்கலாம். மற்றவர்களுக்காகக் கேட்கிறேன் என்று ஒரு பொய் சேர்த்துச் சொல்லியிருந்தால்கூட யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. மருமகள் பக்கத்தில் நிற்கிறாள் என்கிற ஒன்றே எனக்குப் பெரிதாக இருந்தது.

"தையல்" என்றேன்.

அவள் நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் அறையில் கூட்டம். நாற்காலி போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். என் மருமகள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும், நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றிக்கொண்டு முடிவைப் படித்தார். நூற்று நாற்பது வீட்டில் தையல் அறுபத்தொன்று. கம்ப்யூட்டர் நாற்பது சொச்சம். எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுத்து, மூன்று வீடு. ஒன்று வாட்ச்மேன் வீடு, ஒன்று தனியாக இருக்கும் ஒரு கிழவி வீடு. மூன்றாவது இளையவளுடையது.

கைதட்டினார்கள். எதிர்வீட்டுக்காரியின் மாமியார், "தையலுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்று பின்வரிசைக்கும் கேட்கச் சொன்னார்.

"அப்போ நடந்துக்கிட்டிருக்கற எழுத்து வகுப்ப இந்த மாசத்தோட நிறுத்திடறோம்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எந்த எழுத்து வகுப்பு?" என்று டிரைவர் கேட்டார். "இங்க தையல்தானே நடக்குது?"

"தையலா? தையல் இனிமேதான் வரும். ரெண்டு வருஷமா இந்த ரூம்ல எழுத்து வகுப்புதான் நடக்குது. பத்தொன்பது பேர் வர்றாங்க."

சுவரோரம் ஒரே பேச்சு. யாரு, யாரு அந்தப் பத்தொன்பது என்று கேட்டார்கள். எவனோ, "நம்ம வீட்டம்மாவும் இருக்காளான்னு பாருங்க சார், கைநாட்டக் கையெழுத்தா மாத்திட்டாளான்னு தெரியல" என்றான். சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. திரும்பித் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரெல்லாம் இருக்கே, படிக்கறேன்" என்று கண்ணாடிக்காரர் பதிவேட்டை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. பத்தொன்பது பேர் வந்தும் மூன்று வீடுதான் கேட்டிருக்கிறது என்றால் எங்கோ தப்பு என்று அவருக்கே தோன்றியிருக்கும். விசாரித்துத் திருத்தலாம் என்றுதான் எடுத்தார். ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு முதல் பக்கத்தைத் திருப்பினார்.

என் பெயர் நாலாவது.

ஓரத்தில் நின்ற இளையவள் எங்களைப் பார்த்தாள். வரிசை வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஒருத்தியாவது எழுந்து, ஆமாம் நான் போனேன், எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்வாளா என்று பார்த்திருப்பாள். யாரும் எழவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் தலையை லேசாக, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். நான் அதுகூடச் செய்யவில்லை.

"படிக்காதீங்க ஐயா. அது நான் எழுதின பேரு."

"என்ன?"

"டீச்சரம்மா இருந்தப்ப அந்தப் பக்கத்துத் தெருக்காரங்க கொஞ்சம் பேரு வந்தாங்க. அவங்க போனப்புறம் ஒருத்தரும் வரல. வகுப்ப மூடிடுவீங்கன்னு நானே வாய்க்கு வந்த பேரெல்லாம் எழுதி வச்சேன். இங்க வந்தவங்க எல்லாம் ஊசி நூலோட உட்கார்ந்து சும்மா தச்சுக்கிட்டிருந்தவங்கதான்."

கண்ணாடிக்காரர் பதிவேட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "இத்தனையும் உன் எழுத்தா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே."

"கையக் கோணிக் கோணி எழுதினேன்."

வரியை விட்டு இறங்கிப்போகும் என் பெயரை நினைத்துக்கொண்டேன். அதை எழுதக் கற்க எனக்கு ஏழு வாரம் ஆனது. பக்கத்தில் மருமகள், "பாவம் அத்தை, உங்க நாத்தனார் எதுக்கு இப்படிப் பண்ணாங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

கண்ணாடிக்காரர் பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரம் இளையவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவுதட்டி என்ற பெயர் போய், பொய்ப்பேர்க்காரி என்று ஆனது. அவள் காப்பாற்றிய வீடுகளிலும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

எட்டுத் தையல் மெஷின் வந்து இறங்கியது. முதல் நாள் எல்லார் வீட்டிலிருந்தும் எங்களைத் தள்ளாத குறையாக அனுப்பினார்கள். புதுத் தையல்காரம்மா ஒரு துணியைக் கொடுத்து நேர்க்கோடாகத் தைக்கச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி தைத்தாள். மற்ற எல்லாரும் பாம்பு போன தடம் போலத் தைத்தோம். "ரெண்டு வருஷம் பழகினவங்கன்னு சொன்னாங்களே" என்று அந்த அம்மா திகைத்துப்போய்விட்டார். இரண்டு மாதத்தில் நாலு பேர்தான் மிச்சம். மெஷின்கள் மேல் இப்போது போர்வை போர்த்தியிருக்கிறது.

டிரைவர் கூட்டம் நடந்த அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு செய்தித்தாளை மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷம் கேனைப் படித்தவள் இல்லையா, எழுத்துக் கூட்டி நாலு வரி படித்துவிட்டாள். பத்தாவது பாஸ் இப்படியா படிக்கும் என்று கேட்டாராம். கண் சரியில்லை என்றாளாம். அதை அவள் என்னிடம் சொல்லி அழுதபோதுதான் நான் இளையவளைப் பார்க்கப் போனேன். கூட்டம் முடிந்து அதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவள் ஒற்றை அறையில் தரையில் உட்கார்ந்து, துப்புரவுக் கம்பெனியின் நீலச் சீருடை ஒன்றின் கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கை நீளமாக இருந்தது. அவள் அக்காவுக்கு நீளமான கை.

"பாருங்க அண்ணி, கடைசியில நான்தான் தைக்கறேன்" என்றாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உங்க மருமக பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க."

"நீ வகுப்பக் காப்பாத்தியிருக்கலாமே. பேரப் படிக்க விட்டிருந்தா..."

"காப்பாத்தி? அதுல யாரு வந்து உட்காருவா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தையல்னு சொல்லித்தான் உங்கள எல்லாம் உள்ள கொண்டாந்தேன். தையலக் கேட்டீங்க, தையல் வந்துடுச்சு. இதுல யாரக் குத்தம் சொல்றது? உங்கள நான் குத்தம் சொல்லல அண்ணி. ஆனா ஒருத்தி, ஒரே ஒருத்தி எந்திரிச்சிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்."

டீ போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கம்பெனியில் அவளைச் சேர்த்துக்கொண்டது அக்காவின் இடம் என்பதற்காக இல்லை. அந்தக் கட்டிடத்தில் யாரும் நிலைப்பதில்லை, அதனால்தான். அங்கே கேன்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவளிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்களாம், கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படி என்று. அவள் எதற்கென்று கேட்காமல் படித்துச் சொல்கிறாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாளியில் மருந்து ஊற்றுவதையும் பாதிப் பேருக்கு அவளே செய்கிறாள். போன மாதம் என் கொழுந்தன் மகள் கல்யாணத்தில் பார்த்தபோது இருமிக்கொண்டிருந்தாள். என்னடி என்று கேட்டேன். தூசி என்றாள்.

நான் எழுத்துக் கற்றது என் மருமகளுக்கு இன்றுவரை தெரியாது.

இளையவள் இப்போது அக்கா வேலை பார்த்த அதே கட்டிடத்தில்தான் இருக்கிறாள். காலை ஷிப்ட். மூன்றாம் மாடியும் நாலாம் மாடியும் அவளுடையவை.